புறநானூற்றுப் புலவரும் வரிசை வேட்கையும்

சங்கப் புலவரின் வறுமையைப் பற்றி எழுதியோர் பலர். அவர்தம் பெருமிதத்தைப் பற்றி எழுதியோரும் பலர். முன்னையோர் புலவரை இரவலர் என்பர். பின்னையோர் வேந்தரோடு ஒத்த தலைமையர் என்பர். இருசாராரும் சான்று காட்டுவது ஒரே நூலிலிருந்தேயாம். ஒரு புலவரே பாடிய இரு பாட்டுக்கள் இவ்விரு கொள்கைக்கும் துணைபோதலும் உண்டு. இம்முரண் எங்ஙனம் நேர்ந்தது என அறியப் புகுந்த யாம், புறநானூற்றில் புலவர் தம் தொழிலின் தகுதியைத் தாமே எடுத்துரைக்கும் இடங்களை ஒருங்கு வைத்து நோக்கினோம். அவ்விடங்களுட் பலவற்றில் 'வரிசை' என்னும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகின்றது. ஒருவரது தரமறிந்து அவர்க்கென அளிக்கும் சிறப்பு என்பது ஈண்டு அதன் பொருள். புலவரின் வேண்டுகோளும் பெருமிதமும் இவ்வொரு சொல்லிலேயே வேர்கொண்டுள்ளன என்பது எம் துணிபு.

இவ்வேட்கை எழுதற்குரிய சூழலை முதற்கண் அறிதல் வேண்டும். வள்ளலின் வாயிலில் புலவர் தனியே நின்றாரல்லர். தொல்காப்பியர் புறத்திணையியலில் ஆற்றுப்படைக்கு உரியராகக் கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்னும் நால்வரைக் கூறுவர். அந்நிரலில் புலவர் இலர். திருமுருகாற்றுப்படைக்குப் புலவராற்றுப்படை என்னும் பெயர் வழங்குதல் உண்மையே. எனினும் ஆற்றுப்படையின் பழைய உரிமை யாழும் ஆடலும் உடையாரதாகும். புலவர் பலர் பாணன் கூற்றாகவே பாடியுள்ளனர். பாணர் முதலியோரின் வாய்மொழி மரபினைக் கற்ற புலவர் மேற்கொண்டனர் என்பது ஜார்ஜ் ஹார்ட்டு 1975-இல் வெளியிட்ட நூலிற் காணும் கருத்து. அதற்கு முன்னரே 1968-இல் கைலாசபதி, ஒரேவகைத் தொடர்கள் பாட்டுத்தோறும் பயிலுதலைக் காட்டி, அவற்றை வாய்மொழிப் பாடல்களின் இயல்பு என விளக்கினார். இவை பற்றிய வழக்கில் ஈண்டு யாம் புகவில்லை. எமக்கு வேண்டுவது ஒன்றே. பாணன் கையில் யாழ் உண்டு. அது கண்ட அளவில் அவன் தொழில் விளங்கும். கூத்தர்க்கு முழவு உண்டு. புலவனிடம் கண்ணுக்குப் புலனாகும் கருவி யாதும் இல்லை. வாயில் காவலன் நோக்கில் அவனும் கந்தையுடுத்து வழிநடந்து வந்த மற்றோர் இரவலனே. ஆதலின் தான் யாவன் என்பதைச் சொல்லாற் கூறியே தீரவேண்டிய நிலை புலவனுக்கு இருந்தது.

அங்ஙனம் கூறியவற்றுள் தலையாயது கோவூர்கிழார் பாடிய 47-ஆம் பாட்டு. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றர் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்த காலை, கோவூர்கிழார் இதனைப் பாடி அவரை உய்வித்தார் என்பது பாட்டின் கீழ்க்குறிப்பு. இக்குறிப்பைத் தள்ளிவிட்டுப் பாட்டை மட்டும் படித்தால் வியப்பொன்று தோன்றும். இளந்தத்தன் ஒற்றர் அல்லர் என்பதற்குப் பாட்டினுள் ஒரு சான்றுதானும் இல்லை. அவர் பெயரும் இல்லை. கோவூர்கிழார் கூறுவது புலமைத் தொழில் இத்தகையது என்பதே. வள்ளலை நாடிப் பறவைபோல் நெடுவழி கடப்பர்; திருந்தாத நாவால் வல்லவாறு பாடுவர்; பெற்றதற்கு மகிழ்வர்; சுற்றத்தை ஊட்டுவர்; சேர்த்து வையாது வழங்குவர்; வரிசை கருதியே வருந்துவர். இவ்வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு எண்ணுமோ என வினவுகின்றார். உடனே ஒரு விலக்கும் கூறுகின்றார்: தம்மொடு மாறுபட்டாரைக் கல்வியால் நாணச்செய்து தலை நிமிர்ந்து செல்லுதல் ஒன்றே இவர் செய்யும் தீங்கு. அதன்பின், நிலமாளும் நும்மனோர்க்கு ஒத்த தலைமையும் இவர்க்கு உண்டு என்று முடிக்கின்றார்.

மன்றாட்டாகத் தொடங்கியது நிகர் கூறுதலாக முடிதலை நோக்குக. வாளை ஓங்கி நிற்பவன் முன்னிலையில், நின்னோடு ஒத்த பெருமையர் இவர் எனக் கூறல் எளிதன்று. பகைவரை வென்று நிமிர்தல் அரசன் தொழில். புலவனும் அதனையே செய்கின்றான், குருதி சிந்தாது செய்கின்றான் என்பது குறிப்பு. ஒருவர் உயிர் கயிற்றில் ஊசலாடிய அவ்வேளையில், தனியொருவரின் நல்லொழுக்கத்தைக் காட்டிலும் தொழிலின் இயல்பே வலிய சான்றாகும் எனக் கோவூர்கிழார் கருதினார் போலும்.

வரிசைக்கு வருந்துதலைக் கூறும் அதே தொடர் ஔவையார் பாடிய 206-ஆம் பாட்டிலும் உள்ளது. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் நீட்டித்த பொழுது வாயில் காவலனை விளித்துப் பாடியது அது. பொதுத் தொடர் என்று இதனைக் கூறி விடுத்தலும் கூடும். ஆயின் ஒரு குழுவினர் எல்லாரும் தம்மைப் பற்றி ஒரே தொடரால் உரைப்பாராயின், அத்தொடர் அவர்கள் தம் தொழிற்கு வகுத்துக்கொண்ட இலக்கணம் எனக் கொள்ளுதலே பொருந்தும். ஔவையார் அவ்விலக்கணத்தோடு அமையாது ஓர் உவமையும் தருகின்றார். கைத்திறன் வாய்ந்த தச்சச் சிறுவர் மழுவொடு காட்டுள் புகுந்தாற்போன்றது தம் நிலை, எத்திசைச் சென்றாலும் அத்திசையிற் சோறு உண்டு என்பது அது. மரம் உள்ள இடமெல்லாம் தச்சனுக்குப் பிழைப்பு உண்டு. எந்த மரமும் தச்சனை வாவென்று அழைக்கவேண்டுவதில்லை. தம்மைக் கைவினைஞரோடு ஒப்பிட ஔவையார் நாணவில்லை. இதே அதியமானின் பரிசில் காலந்தாழ்ப்பினும் தப்பாது, யானைக் கொம்பிடை வைத்த கவளம் போன்றது என அவர் 101-ஆம் பாட்டிற் கூறுகின்றார். இரண்டனுள் எது முன்னர்ப் பாடியது என்று துணிதல் அரிது. வருந்தியும் தேறியும் பாடிய உள்ளம் ஒன்றே என்க.

இனி, வரிசை பற்றிய கொள்கையை வெளிப்படையாக உரைப்பது மலையமான் திருமுடிக்காரியை நோக்கிக் கபிலர் பாடிய 121-ஆம் பாட்டாகும். ஒரு வள்ளலை எண்ணி நாற்றிசையினின்றும் பலர் வருவர். அவர்க்கெல்லாம் ஈதல் எளிது. அவரவர் வரிசை அறிதலே அரிது. ஆதலின் புலவர்மாட்டுப் பொதுநோக்கினை ஒழிக என்பது அதன் கருத்து. பரிசில் மிகுதியாக வேண்டுமென்று ஒரு சொல்லும் கபிலர் கூறிற்றிலர். காரி கொடையிற் குறைந்தவனும் அல்லன். அவனது குறை, எல்லாரையும் ஒருதன்மையாக நோக்கியது. கொடுத்துக் கொடுத்துப் பழகிய கைக்கு இது நேரக்கூடிய குறையே.

இவ்வரசனையே பின்னர்ப் பாட வந்தவர் மாறோக்கத்து நப்பசலையார். 126-ஆம் பாட்டில் அவர்தம் இடர்ப்பாடு நன்கு புலனாகின்றது. கபிலர் பாடிய பின்னர்ப் பிறர்க்குப் பாட இடம் இல்லை என அவரே ஒப்புக்கொள்கின்றார். மேலைக்கடலில் சேரனின் கலம் ஓடிய வழியில் வேறு கலம் செல்லமாட்டாது. அத்தன்மையர் யாம் என்கின்றார். வறுமை துரத்தவும் நின் புகழ் ஈர்க்கவும் வந்தோம், நின் வண்மையால் சில தொடுத்தோம் என்று பணிவாக முடிக்கின்றார். பணிவு என்றோம், அப்பணிவினுள் நுண்ணிய உரிமை ஒன்றும் அடங்கியுள்ளது. கபிலரின் வரிசையைக் காரி அறியவேண்டுமெனக் கபிலர் கேட்டார். அவ்வரிசையைத் தாம் அறிந்தமையை நப்பசலையார் காட்டுகின்றார். பிறர் தரத்தை அளக்கவல்லார் தாமும் அளக்கப்படும் தகுதியர் அல்லரோ? விளங்கு புகழ்க் கபிலர் இன்றிருப்பின் நன்று என அரசன் கூறியதைப் பொருந்தில் இளங்கீரனார் 53-ஆம் பாட்டில் எடுத்துரைத்தலும் இவ்வகையினதே. புலவர் தம் தரத்தை நிறுவுதற்கு முன்னோர் ஒருவரை அளவுகோலாகக் கொண்ட வழக்கம் இதனால் தெளிவாகும்.

வரிசை வேட்கை வெறும் சொல்லளவில் நின்றதா என்னும் ஐயத்தைப் போக்குபவர் பெருஞ்சித்திரனார். அதியமானை நாடிச் சென்ற அவர்க்கு அவன் தன்னை நேரிற் காட்டாது பரிசில் மட்டும் கொடுத்தனுப்பினான். 208-ஆம் பாட்டில் அவர் அதனை மறுத்தார். காணாது தந்த பொருளைக் கொண்டு மீள்வதற்குத் தாம் வாணிகம் செய்ய வந்தவர் அல்லர். தம் தகுதியின் அளவறிந்து தருவராயின் தினையளவினதாயினும் இனிது என்றார். 'வரிசை' என்னும் சொல் இப்பாட்டில் இல்லை. 'அளவு' என்னும் சொல் அதன் இடத்தைக் கொண்டுள்ளது. இளவெளிமானிடத்தும் இத்தகைய மறுப்பினையே 207-ஆம் பாட்டில் காண்கின்றோம். பின்னர்க் குமணனிடம் யானை பெற்றுவந்து, அதனை இளவெளிமானின் காவல்மரத்திற் கட்டிய செய்தி 162-ஆம் பாட்டில் உள்ளது. அச்செயலில் சினமும் சிறிது விளையாட்டும் கலந்துள்ளன. வீட்டிற் பசித்திருக்கும் மனைவி மக்களைப் பற்றி உருகிப் பாடியவரும் இவரே என்பதை நினைத்தல் வேண்டும். உண்ண இருப்பவன் மறுத்தல் ஒன்று. இல்லாதவன் மறுத்தல் வேறொன்று. குமணன் தந்த பொருளை எவரெவர்க்கும் கொடு, என்னையும் வினவவேண்டா என மனைவிக்குக் கூறும் 163-ஆம் பாட்டு, சேர்த்து வையாமை பற்றிக் கோவூர்கிழார் கூறியது புனைந்துரை அன்று என்பதற்குச் சான்று.

அளவறியாமை குறைத்துக் கொடுத்தலில் மட்டும் நிகழ்வதன்று. நாஞ்சில் வள்ளுவனிடம், விறலியர் பறித்த கீரைக்குமேல் தூவச் சிறிது அரிசியே ஔவையார் கேட்டார். அவன் யானை தந்தான். இப்படியும் ஓர் ஈகை உண்டோ, பெரியோர் முறையறிந்து செய்யாரோ என 140-ஆம் பாட்டில் அவர் நகைக்கின்றார். அது புகழ்ச்சியே, ஆயினும் அளவு பற்றிய நினைவு புகழ்ச்சியிலும் நீங்கவில்லை. சிறுபாணாற்றுப்படையோ நல்லியக்கோடனைப் பரிசிலர் ஏத்தும் பண்புகளுள் வரிசையறிதலையும் வரையாது கொடுத்தலையும் அடுத்தடுத்து வைக்கின்றது. வரையாது கொடுப்பவன் வரிசையை எங்ஙனம் நோக்குவான்? நோக்குவானாயின் கொடை வரையறைப்படும் அன்றோ? முரணான இவ்விரண்டையும் ஒருவனிடத்தே வேண்டியது பரிசிலர் கூட்டத்தின் இரு தேவையைக் காட்டுகின்றது. பலர்க்கு வேண்டியது வரையாத கொடை. சிலர்க்கு வேண்டியது வரிசை. அச்சிலராகத் தம்மைப் பிரித்துக்கொள்ள முயன்றவரே புலவர்.

புலவர் அங்ஙனம் பிரிந்து நிற்றற்கு அரசன் கண்ட பயன் யாது? தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் 72-ஆம் பாட்டில் வஞ்சினம் கூறுங்கால், பகைவரை வெல்லேனாயின் மாங்குடி மருதன் தலைவனாக உள்ள புலவர் என் நாட்டைப் பாடாது ஒழிக என்கின்றான். குடிகள் தூற்றும் பழியோடு ஒப்பப் புலவர் பாடாமையும் அரசற்குத் தண்டமாயிற்று. இதனைப் புலவர் அறிந்தே இருந்தனர். பாரிமகளிரை மணக்க இசையாத இருங்கோவேளை நோக்கிக் கபிலர் பாடிய 202-ஆம் பாட்டில், அவன் முன்னோன் ஒருவன் கழாத்தலையாரை இகழ்ந்தமையால் அரையம் என்னும் ஊர் கெட்டது என நினைவூட்டுகின்றார். கேட்டார் நடுங்கத்தக்க சொல் அது. கபிலரும் அவ்வாறே கருதிக் கூறினார் என்பதில் ஐயமில்லை.

பிற்காலத்தார் வரிசையை எண்ணால் அளக்கத் தொடங்கினர். பதிற்றுப்பத்தின் பதிகங்கள் கபிலர்க்கு நூறாயிரம் காணமும், காக்கைபாடினியார்க்கு அணிகலனுக்கென 9 துலாம் பொன்னும் நூறாயிரம் காணமும், அரிசில்கிழார்க்கு 9 நூறாயிரம் காணமும் அரசுகட்டிலும் தரப்பட்டன எனக் கூறும். பத்துக்களைத் தொகுத்தோர் பின்னர்ச் சேர்த்தவை இப்பதிகங்கள் என்பது பலர்க்கும் உடன்பாடு. பாட்டுக்களில் புலவர் தம் மதிப்பை இத்துணை என எண்ணிட்டுக் கேட்டதே இல்லை.

ஒன்பதாம் பத்தின் பதிகம் இவ்வகையில் தனித்து நோக்கற்பாலது. குடக்கோ இளஞ்சேரல் இரும்பொறை பெருங்குன்றூர்கிழார்க்கு 32,000 காணம் கொடுத்ததோடு, அவர் அறியாமலே ஊரும் மனையும் வளம்பெற அமைத்தான் என்கின்றது அது. 'அவர் அறியாமலே' என்பதற்குத் தேவை என்ன? புறநானூற்றின் 210, 211-ஆம் பாட்டுக்கள் அதே புலவர் குடக்கோச்சேரல் இரும்பொறையை நோக்கிப் பாடியவை. இருவரும் ஒருவரே என அறிஞர் கொள்வர். அவ்விரு பாட்டும் பரிசில் பெறாத துயரையே கூறுகின்றன. இவற்றை அறிந்த பதிகக்காரர், அரசற்கு நேர்ந்த பழியை நீக்கவேண்டி இவ்விளக்கத்தைப் புனைந்தனர் என யாம் ஐயுறுகின்றோம். ஊரும் மனையும் உண்மையிலேயே அமைந்திருப்பினும், 211-ஆம் பாட்டைப் பாடிய அன்று புலவர் அதனை அறியார். முதல்நாள் கையில் வந்துவிட்டதுபோலக் காட்டி மறுநாள் பொய்யாகிய பரிசிலைக் கூறி, நீ நாணாயாயினும் நின்னைப் புகழ்ந்தேன் என்று அரசனிடம் உரைத்து அவர் விடைகொள்கின்றார். எலியும் மடிந்த பழஞ்சுவர் வீட்டில், பாலில்லாமையால் முலையுண்ணுதலை மறந்த மகனோடு இருக்கும் மனைவியை நினைந்து நடக்கின்றார்.