வயல் மேட்டில் தாழி தென்பட்டால் என்ன செய்ய வேண்டும்?

திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், தொண்டி பக்கம் மானாவாரி நெல்லும் மிளகாயும் பயிரிடும் விவசாயிகளே! மழைக்கு முன் நிலத்தைச் சமன்செய்ய டிராக்டரோ ஜேசிபியோ இறக்கும் முன்பு, நிலத்தில் உள்ள மேட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பழங்கால மக்கள் சடங்கு செய்து இறந்தவர்களைப் புதைத்த ஈமக்காடாகவோ, அவர்கள் வாழ்ந்த ஊராகவோ அது இருக்கலாம்.

எப்படி அடையாளம் காண்பது?

* தரையோடு தரையாக வட்டமாகத் தெரியும் தடித்த பானை விளிம்பு. இது முதுமக்கள் தாழியின் வாய்.
* உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பாக உள்ள பானை ஓடுகள்.
* வட்டமாக நட்ட கற்கள் அல்லது கற்குவியல்.
* எலும்பு, துருப்பிடித்த இரும்புத் துண்டு, பாசிமணி.

ஏன் காக்க வேண்டும்?

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 1155 என ஆய்வில் தெரிந்தது. நெல் அங்கே 3,200 ஆண்டுப் பழக்கம் என்பதற்கு அந்த ஒரு பிடிதான் சாட்சி. நம் மாவட்டத்து அழகன்குளத்திலும் ரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. மண் கலைந்துவிட்டால், பொருள் கிடைத்தாலும் காலத்தைச் சொல்ல முடியாது.

உழவில் கவனம்

நாட்டுக்கலப்பை அரை அடிக்குள்தான் இறங்கும். உளிக்கலப்பை ஒன்றரை அடி வரை கிழிக்கும். தாழியின் வாய் அதற்கு மேலேயே இருக்கக்கூடும். எனவே மேட்டின் மீது,

* உளிக்கலப்பை ஓட்ட வேண்டாம். மேலோட்டமாக உழுதால் போதும்.
* சவுடு மண் எடுக்கக் கொடுக்க வேண்டாம். பண்ணைக்குட்டை, போர்வெல்லை வேறு இடத்தில் அமையுங்கள்.
* சீமைக்கருவேலை ஜேசிபியால் வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டுங்கள். துளிர்த்தால் மறுபடி வெட்டுங்கள்.
* முடிந்தால் அந்தத் துண்டைப் புல் வளர விட்டு ஆடு மாடு மேய்க்கலாம். மழையில் மண் அரிக்காது. இங்கிலாந்தில் இப்படிப் பழைய மண்மேடுகளை உழாமல் விடும் விவசாயிகளுக்கு அரசு பணம் தருகிறது.

நிலம் பறிபோகுமா?

பலர் வாய் திறக்காததற்கு இந்தப் பயமே காரணம். கீழடியில் தனியார் தென்னந்தோப்புகளில் உரிமையாளர் சம்மதத்தோடுதான் குழி போட்டார்கள். மத்திய அரசின் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி ஓர் இடம் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டாலும், ஓர் அடிக்கு மேல் தோண்டாத சாகுபடிக்குத் தடையில்லை. ஆனால் கட்டடம் கட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பொருள் கிடைத்தால்

வேலையை அங்கேயே நிறுத்துங்கள். தாழியை உடைத்துப் புதையல் தேட வேண்டாம். கிடைத்த இடத்திலேயே செல்போனில் படம் எடுத்து, சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலர் அல்லது தாசில்தாரிடம் சொல்லுங்கள். தொல்லியல் துறைக்கும் தகவல் கொடுங்கள். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. மனு கொடுத்தால் அதன் நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கி, பட்டாவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.