கூச்சலும் கட்டளையும்

ஆங்கிலேயக் கால்பந்தாட்ட வரலாற்றில் வால்ட்டர் டல் என்னும் பெயர் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. பார்படோஸ் தீவிலிருந்து வந்த தச்சருக்கும் கென்ட் வட்டாரத்துப் பெண்ணுக்கும் மகனாக 1888இல் போக்ஸ்டன் நகரில் பிறந்தவர் அவர். பத்து வயது நிறையுமுன் பெற்றோர் இருவரையுமே இழந்து, லண்டனில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தார்.

1909இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டே பிரிஸ்டலில் நடந்த ஆட்டமொன்றில் பார்வையாளருள் ஒரு பகுதியினர் அவருடைய நிறத்தைச் சொல்லி இழிமொழி கூவினர். களத்தில் மாசற்ற மனத்தோடு ஆடியவர் அவரே என்று செய்தியாளர் ஒருவர் எழுதினார். எனினும் முதன்மை அணியில் அவருக்கு வாய்ப்புக் குறைந்தது. 1911இல் நார்த்தாம்ப்டன் டவுன் அணிக்குச் சென்றார். அவ்வூர் அவரைத் தன் ஆட்டக்காரராக ஏற்றுக்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் அதற்காக ஆடினார்.

1914 டிசம்பரில் கால்பந்தாட்டக்காரருக்கென அமைந்த மிடில்செக்ஸ் 17ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். 1916இல் சோம் போர்முனையைக் கண்டார். படிப்படியாகச் சார்ஜென்ட் ஆனார். அதற்குமேல் ஒரு சுவர் இருந்தது. அதிகாரிப் பதவிக்கு வருவோர் கலப்பற்ற ஐரோப்பிய வழியினராக இருத்தல் வேண்டும் என்பது அன்றைய விதி. அவ்விதி ஏட்டில் இருக்கவே, 1917 மே மாதம் டல் இரண்டாம் லெப்டினன்ட் ஆக்கப்பட்டார். கறுப்பின அதிகாரிகளுள் முதல்வர் அவரே என்று முன்பு எழுதினர். ஆனால் ஜார்ஜ் பெமண்ட் என்பவர் 1915லேயே பீரங்கிப்படை அதிகாரியாகியிருந்தார். முதல்வர் யார் என்பதன்று வினா. நிறத்துக்காக இகழப்பட்ட ஒருவர் இட்ட கட்டளைக்கு வெள்ளை வீரர்கள் பணிந்தனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

1918 ஜனவரியில் இத்தாலியின் பியாவே ஆற்றங்கரையில் 26 வீரரை இரவில் அழைத்துச் சென்று, ஒருவரையும் இழக்காமல் மீண்டார். அவருடைய துணிவையும் நிதானத்தையும் தளபதி சிட்னி லாபோர்ட் பாராட்டினார்.

1918 மார்ச் 25 அன்று பிரான்சில், பவ்ரேய் அருகே, பின்வாங்கும் போரில் டல் குண்டடிபட்டு வீழ்ந்தார். லெஸ்டர் அணியின் முன்னாள் கோல்காப்பாளரான டாம் பில்லிங்ஹாம் அவரது உடலை மீட்க முயன்றார், இயலவில்லை. முப்பது வயது நிறைய ஒரு மாதமே இருந்தது.

அவருக்குக் கல்லறை இல்லை. அர்ராஸ் நினைவுச்சுவரில் பெயர் மட்டும் உண்டு. 1999இல் நார்த்தாம்ப்டன் ஆடுகளத்தருகே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. வீழ்ந்த வீரனுக்கு ஊரார் நட்ட கல்லைப் பெயரும் பீடும் எழுதியது என்று போற்றும் மரபு நமக்குண்டு. டல்லின் ஊரார் கல் நடுவதற்கு எண்பத்தோராண்டுகள் ஆயின.