உதிர்ந்த டேப்பின் கதை

2001 கோடை, நியூயார்க்கின் புரூக்ளின். வில்லியம் பசின்ஸ்கி 1980களில் தான் உருவாக்கிய டேப் லூப்களை டிஜிட்டலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார. ஒவ்வொரு சுற்றிலும் டேப்பின் காந்தப்பூச்சு உதிர்ந்தது. மெட்டு தேய்ந்து, ஓட்டை விழுந்து, அடங்கிப்போனது. மனுஷன் நிறுத்தவில்லை. அழிவதையே பதிவு செய்தார்.

செப்டம்பர் 11 மாலை, மொட்டைமாடியிலிருந்து மன்ஹாட்டன் புகையைப் படம்பிடித்து, அதனோடு இந்த இசையைச் சேர்த்தார். இறந்தவர்களுக்கு அர்ப்பணித்தார். அன்றிலிருந்து ‘தி டிஸின்டக்ரேஷன் லூப்ஸ்’ என்றாலே இரட்டைக் கோபுரம்தான் நினைவுக்கு வருகிறது.

கதை இல்லாவிட்டால் இதை யார் கேட்பார்கள்? நியாயமான கேள்விதான். ஆனா ரெண்டு கதையும் ஒண்ணு இல்லை. கோபுரக் கதை வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. யாராவது சொன்னால்தான் தெரியும். டேப் உதிர்ந்த கதை ஒலிக்குள்ளேயே இருக்கிறது. முதல் பகுதியை ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேளுங்கள், சொல்லாமலே புரியும்.