கடற்கோட்டை: சிறையாக இருந்த விடுதி

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில, தீவு எண்டு சொல்லவே யோசிக்க வைக்கிற ஒரு சின்னத் திட்டில் நிற்கிறது ஹமன்ஹீல். எங்கட ஆக்களுக்கு அது கடற்கோட்டை. இப்போது அது கடற்படை நடத்தும் விடுதி. காரைநகர்க் கரையிலிருந்து படகில்தான் போக வேண்டும்.

முதலில் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். யாழ்ப்பாணத்துக்குக் கடல்வழியாக வருகிற கப்பல்களைத் தடுப்பதுதான் நோக்கம். 'ஹமன்ஹீல்' ஒல்லாந்தர் வைத்த பெயர். இலங்கைத் தீவின் வடிவம் அவர்களுக்குப் பன்றித் தொடை மாதிரித் தெரிந்திருக்கிறது. இந்தக் கோட்டை அதன் குதிப்பகுதியாம்!

எட்டுப் பக்கச் சுவர். நாலாபுறமும் கடல்தான் அகழி. பீரங்கிக்கும் அலைக்கும் சேர்த்துத் தாங்கவெனக் கட்டிய தடித்த மதில். ஆனால் இந்த அமைப்பின் பலம் எதுவோ, பலவீனமும் அதுதான். சுற்றிவரத் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. 1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த நன்னீர்த் தொட்டி உடைந்தது. மதில் விழ முதலே தாகம் வென்றுவிட்டது. கோட்டை சரணடைந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது.

எதிரியை வெளியே வைக்கக் கட்டிய மதில், ஆக்களை உள்ளே வைக்கவும் தோதாக இருந்தது. பிரித்தானியர் இதைச் சிறையாக்கினர். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் பிடிபட்ட ஜே.வி.பி. இளைஞர்களை இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். தெற்கின் சிங்களக் கிராமங்களிலிருந்து வந்த, எங்கட வயசுப் பிள்ளைகள். வடக்குக் கடலின் நடுவில் பூட்டி வைக்கப்பட்ட அவர்களைப் பற்றி நாங்கள் எவ்வளவு பேசியிருக்கிறோம்?

விடுதியானதில் ஒரு நன்மை இருக்கு: ஆள் புழங்கினால்தான் கட்டிடம் நிற்கும். உப்புக்காற்றில் கைவிட்ட சுண்ணாம்புச் சுவர் கனகாலம் தாங்காது. ஆனால் ஒரு சிறையின் கதை அறை வாடகைக்கு எடுப்பவருக்கான சுவாரசியமாக மட்டும் சுருங்கிவிடக் கூடாது. இது ஊர்காவற்றுறை, காரைநகர்ப் பிள்ளைகள் பாடசாலைச் சுற்றுலாவாக வந்து, தாகத்தில் தோற்றவர்களையும் கம்பிக்குப் பின்னால் இருந்தவர்களையும் சேர்த்துப் படிக்க வேண்டிய இடம். மூன்று மொழியிலும் அந்தக் கதை அந்த மதிலிலேயே எழுதப்பட வேண்டும் எண்டுதான் நாங்கள் கேட்கிறோம்.