பேரன் பெயர்

யாழ்ப்பாணத்தில் ஒரு பொடியன் ‘பேரனார் சொன்னவர்’ என்றால், சொன்னவர் அவனுடைய தாத்தா. மகனோ மகளோ பெற்ற பிள்ளையும் பேரன், பெற்றோரைப் பெற்றவரும் பேரன். தமிழகத்து வாசகருக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் சொல்லுக்குள் நியாயம் இருக்கிறது. பெயர் பேர் ஆனதுபோலப் பெயரன் பேரன் ஆயிற்று. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். இருவருக்கும் பெயர் ஒன்று என்பதால் உறவுச்சொல்லும் ஒன்றாயிற்று என்றே நான் கொள்கிறேன். பேத்தி என்பதும் அங்கே இருபுறமும் செல்லும்.

இதற்கு நல்ல சான்று, மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனின் குடும்பம். தந்தையின் தந்தை மானிப்பாய் அருணாசலம்; தாயின் தந்தை குமாரசாமி முதலியார். இராமநாதனின் தமையன் பெயர் குமாரசாமி, தம்பி பெயர் அருணாசலம். இரண்டு பேரன்மாரும் ஒரே வீட்டில் மறுபடி பிறந்துவிட்டார்கள். முன்னால் நின்ற ‘பொன்னம்பலம்’ தகப்பன் பெயர். குடும்பப்பெயர் என்று தனியாக ஒன்று அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அதே குமாரசாமி முதலியாரின் இன்னொரு பேரன் 1877இல் பிறந்த கலை வரலாற்றறிஞர் ஆனந்த கென்டிஷ் குமாரசாமி. தாய் ஆங்கிலேயர், அவருடைய கென்ட் மாவட்டத்தை நடுப்பெயர் நினைவூட்டுகிறது. பேரன் பெயர் இங்கே கடைசிக்குப் போய்க் குடும்பப்பெயராக நின்றுகொண்டது. இராமநாதனின் தமையனுக்குச் சொந்தப் பெயர், ஆனந்த குமாரசாமிக்குக் குடும்பப்பெயர்: மூலம் ஒரே மனிதர்.

மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லாத காலத்தில், அந்தப் பெயருள்ள மகனை எப்படிக் கூப்பிடுவது? ‘அப்பன்’, ‘அப்பு’, ‘ராசா’ என்றுதான். பத்திரத்தில் ஒரு பெயர், முற்றத்தில் ஒரு பெயர்.

முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவோடு பெயர் வைக்கும் வீடுகளில் இன்று நட்சத்திர எழுத்தும் எண்சாத்திரமும் முந்திக்கொள்கின்றன. பொருளே இல்லாத ஒலிகள் பெயராவது எனக்கு வருத்தம் தருகிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறக்கும் பிள்ளைகளின் படிவத்தில் நடுப்பெயருக்கும் இடம் இருக்கிறது. கூப்பிடச் சிறிய தமிழ்ப் பெயர் ஒன்றை முதலில் வைத்து, அந்த இடத்தில் கந்தையாவையோ ஆறுமுகத்தையோ எழுதலாம். எந்தப் பேரன் பெயர், அப்பப்பாவினதா அம்மப்பாவினதா என்று வீட்டில் வழக்கு எழுந்தால், அடுத்த பிள்ளைக்கு மற்றவர் பெயர்.