குறிப்பறிதல்: ஒரு சொல்லின் வரலாறு

பிறர் உள்ளம் கண்ணுக்குப் புலனாவதன்று. முகமும் விழியும் சொல்லும் நடையுமே அதற்கு வாயில்கள். அவற்றின் வழியே உள்ளத்தை உணரும் திறத்தைத் தமிழ் ‘குறிப்பறிதல்’ என்றது. யார், யாருடைய குறிப்பை அறிய வேண்டியிருந்தது என்று வினவின், அச்சொல்லின் வரலாறு நமக்குப் புதியதோர் உண்மையைக் காட்டும்.

இத்திறத்தின் இலக்கணத்தை முதலில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் காண்கிறோம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. ஒவ்வொன்றுக்கும் நிலைக்களன் நான்காக, முப்பத்திரண்டு. நகை எள்ளலாலும் பிறக்கும். இளமையாலும், பேதைமையாலும், மடனாலும் பிறக்கும். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன களன்கள். ஆகவே கண்ணீரைக் கண்டவன் உள்ளத்தைக் கண்டவனாகான். அஃது இழவால் வந்ததோ வறுமையால் வந்ததோ என்று உணரும்போதே அறிதல் நிறைவுறுகிறது. கண்ணாலும் செவியாலும் திண்ணிதின் உணர்வார்க்கன்றி இப்பொருளை அறிதல் அரிது என்றே அவ்வியல் முடிகிறது. பொறுப்பு காட்டுவோனிடம் மட்டுமன்றிக் காண்போனிடமும் வைக்கப்பட்டது.

திருக்குறளில் இருமுறை வரும் அதிகாரப் பெயர் குறிப்பறிதல் ஒன்றே. 71-ஆம் அதிகாரம் பொருட்பாலில் அமைச்சரைப் பற்றிய பகுதியில் உள்ளது. அரசன் கருதியதை அவன் கூறாமலே அறிவதே அங்குப் பேசப்படுவது என்பது பரிமேலழகர் கருத்து. அமைச்சன் வேந்தன் முகத்தை நோக்குகிறான். வேந்தனுக்கு அவ்வாறு நோக்க வேண்டிய நெருக்கடி இல்லை. ஒருவன் சினத்தால் உயிரும் பதவியும் போகுமாயின், அவன் முகத்தைக் கற்பதே மற்றவனுக்குப் பாதுகாப்பு.

காமத்துப்பாலின் 110-ஆம் அதிகாரத்தில் அதே சொல் வேறாகிறது. தலைவன் தலைவியை நோக்க, அவள் நிலம் நோக்குகிறாள். அவன் நோக்காதபோது அவனை நோக்குகிறாள். அயலார் போன்ற கடுஞ்சொல்லுக்கு உள்ளே அன்பு இருக்கிறது. இங்குப் படிப்பவர் படிக்கப்படுபவருமாகிறார். அவையில் குறிப்பறிதல் ஒருவழிப் பாதை. காதலில் அஃது இருவழிப் பாதை.

மேலைநாட்டு ஆய்வு நெடுங்காலம் முகத்தையே பற்றி நின்றது. சார்லஸ் டார்வின் 1867-இல் அச்சிட்ட வினாக்களைப் பல நாடுகளுக்கு அனுப்பி, 36 பேரின் விடைகளைப் பெற்றார். உணர்ச்சிக் குறிகளுள் பல மாந்தர் அனைவர்க்கும் பொது என்று 1872-இல் வெளிவந்த தம் நூலில் முடிவு கூறினார். 2019-இல் லிசா ஃபெல்ட்மன் பாரெட் முதலிய ஐவர், முன்னைய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, முக அசைவை மட்டும் கொண்டு உணர்ச்சியைத் துணிந்துரைத்தல் இயலாது என்றனர். சினந்தோர் எல்லாரும் முகம் சுளிப்பதில்லை. சுளிப்போர் எல்லாரும் சினந்தோருமல்லர். எல்லாம் நம் முன்னோர் சொன்னவையே என்று பெருமை கொள்வதற்காக இதைக் குறிக்கவில்லை. குறி ஒன்று, களன் பல என்னும் எச்சரிக்கை இன்று முன்னினும் மிகுதியாக வேண்டப்படுகிறது என்பதற்காகவே குறிக்கிறேன்.

முகத்தைப் பார்த்து மனத்தைக் கூறுவதாகச் சொல்லும் கணிப்பொறிக் கருவிகள் இன்று வந்துவிட்டன. பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் அவற்றைப் பயன்படுத்துவதை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய தேவைகள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்தது. அன்றைய அவையில் எளியோன் வலியோன் முகத்தைப் படித்தான். இன்று வலியோன் கருவி எளியோன் முகத்தைப் படிக்க முனைகிறது. திசை மாறிற்று, ஒருவழிப் பாதை மாறவில்லை. அக்கருவி சுளிப்பைக் காணும். அது பசியின் சுளிப்போ பகையின் சுளிப்போ என்று கேளாது.

கேட்பது கவிஞன் பணி. பத்தாண்டுகளாக ஒருவர் கவிதையை ஒருவர் கேட்டு வரும் நம் வட்டத்தில், சொல்லாததை உணர்ந்து பாராட்டியதும் உண்டு. தவறாக உணர்ந்து வருந்தியதும் உண்டு. தவறியபோது எதிரே இருந்தவர் திருத்தினார். திருத்த இடம் இருந்தது. குறிப்பறிதல் அன்பாவதும் ஆட்சியாவதும் அந்த இடத்தைப் பொறுத்ததே.