நாலே நாலு இறகு

இன்னைக்குக் கதை ஒரு வாலைப் பத்தினது.

1835. வடக்கு பெரு, ஆண்டீஸ் மலை. ஆண்ட்ரூ மேத்யூஸ்னு ஒரு ஆங்கிலேயர் செடிகளும் பறவைகளும் சேகரிச்சுட்டு இருக்கார். அங்க கிடைச்ச ஒரு ஹம்மிங்பேர்டோட தோலைப் பதப்படுத்தி லண்டனுக்கு அனுப்புறார். அது போய்ச் சேர்ந்தது ஜார்ஜ் லாடிஜஸ்கிட்ட. தொழில் நர்சரி, ஆசை முழுக்க ஹம்மிங்பேர்ட் மேல.

ஹம்மிங்பேர்டுக்கு வழக்கமா வால்ல பத்து இறகு இருக்கும். இதுக்கு நாலுதான். அதுல ரெண்டு, கம்பி மாதிரி நீண்டு, வளைஞ்சு, ஒண்ணை ஒண்ணு குறுக்க வெட்டிப் போகுது. ரெண்டு முனையிலும் ஊதா-நீலத்துல வட்டமா ஒரு தட்டு. லாடிஜஸ் இறந்த மறுவருஷம், 1847ல, பூர்சியேங்கிற பிரெஞ்சுக்காரர் இதுக்கு 'மிராபிலிஸ்'னு பேர் வச்சார். அதிசயமானதுன்னு அர்த்தம்.

அதுக்கப்புறம்? ஒண்ணுமே இல்ல. நாப்பது வருஷத்துக்கு மேல உலகத்துக்குத் தெரிஞ்சது அந்த ஒரே ஒரு தோல்தான்.

அந்தக் காலத்துல இது யாருக்கும் உறுத்தல. 1851ல லண்டன் மிருகக்காட்சிசாலையில ஜான் கூல்டு பாடம் பண்ணின ஹம்மிங்பேர்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில வச்சுக் காட்டினார். சுமார் 75,000 பேர் வந்து பார்த்தாங்க. அந்தப் பறவைகளைப் பத்திப் பெரிய புத்தகமே போட்ட கூல்டு, உயிரோட ஒண்ணைப் பார்த்தது 1857ல, அமெரிக்கா போனப்பதான்! ஒரு தடவைகூட ரன் பண்ணாம கோடை மட்டும் படிச்சு டாக்குமென்டேஷன் எழுதின மாதிரி. திறமைசாலிதான், ஆனா எனக்கு அது நெருடுது.

ஏன்னா தோல் இந்த வாலைப் பத்தி எதுவுமே சொல்லாது. போலந்துக்காரர் யான் ஸ்டோல்ட்ஸ்மன் மறுபடி அந்த மலைக்குப் போய்த் தேடிக் கண்டுபிடிச்சார்; அவரும் தச்சனோவ்ஸ்கியும் எழுதின குறிப்பு 1881ல வந்துச்சு. அந்த ரெண்டு தட்டையும் ஆண் பறவை தனித்தனியா ஆட்டும். பெண் முன்னாடி அந்தரத்துல நின்னு, தட்டு ரெண்டையும் முகத்துக்கு நேரா வீசிக் காட்டும். சாதாரண ஜனங்க அதை டிவியில பார்க்க 2009 வரைக்கும், பிபிசியோட 'லைஃப்' தொடர் வர்ற வரைக்கும், காத்திருக்க வேண்டியிருந்தது.

அதுக்குள்ள காடு சுருங்கிடுச்சு. இந்தப் பறவை இருக்கிறது உத்கூபம்பா ஆத்துப் பக்கத்து ஈரமான மலைக்காட்டு ஓரங்கள்லதான். மாட்டுக்கும் விவசாயத்துக்கும் மரங்களை வெட்டினாங்க. போதாக்குறைக்கு, ஆண் பறவையோட இதயம் ஆண்மையைக் கூட்டும்னு ஒரு நம்பிக்கை, உண்டிகோல்ல அடிச்சாங்க.

2006ல பொமகோச்சாஸ் ஊர்க்காரங்க, பெருவோட எகோவான் அமைப்போட ஒப்பந்தம் போட்டு, தங்களோட நிலத்துல ஒரு பகுதியை இதுக்குன்னு ஒதுக்கினாங்க. உவெம்போங்கிற இடத்துல இப்ப சர்க்கரைத் தண்ணி தொங்கவிட்டிருக்காங்க. போறவங்க பொறுமையா உக்காந்திருந்தா, ரெண்டு நீலத் தட்டு ஆடிக்கிட்டே வரும்.